நாலரை மணிக்குப் பூட்டிய காப்பகம்

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை குடோனை ஒழித்தோம். புதிதாக இரண்டு மெஷின் வருகிறது, இடம் போதவில்லை. பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. சிவப்பும் மஞ்சளுமாக. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் எங்கள் மகளிர் சங்கத்தின் பெயர். பெட்டி தூக்க வந்தவர் ஒன்றை உருவி, தூசி தட்டி, அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. இதைய என்னங்க பண்றது?" என்று கேட்டார். யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

உங்கள் வீட்டில் நாற்காலியே கிடையாது. பிள்ளைகள் எல்லாம் பாயில்தான். நீங்களும் பாயில்தான். இந்த மடலை நீங்கள் படிக்கப்போவதில்லை என்பது தெரியும். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் இருந்தவள் நான். தைரியம் இப்போதுதான் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். நாற்காலியைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. வீரபாண்டியில் சிமென்ட் ஷீட் போட்ட வாடகை ஷெட்டில் எங்களுக்கு எட்டு மெஷின் இருந்தது. என் வீட்டுக்காரர் கட்டிங் டேபிளில் நிற்பார். நான் தரையில் உட்கார்ந்து தைத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டுவேன். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரான அயர்ன் மாஸ்டர் அண்ணனும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து, மழை இல்லாமல் ஊரை விட்டு வந்திருந்தீர்கள். அண்ணன் அயர்ன் டேபிளுக்குப் போனார், நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். முதல் நாளே என்னை "தங்கச்சி" என்றீர்கள். முதலாளி சம்சாரத்தை அப்படிக் கூப்பிடலாமா என்று ஒருத்தி கேட்டபோது, "கீழ உக்காந்து நூலு வெட்டுதா, பெறவு என்ன மொதலாளி?" என்று சிரித்தீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிற்பாடு எனக்கு ஏசி ரூம் வந்தபோதும் நீங்கள் கூப்பிடுவதை மாற்றவில்லை. மாறியது நான்தான்.

என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். இரும்புப் பைப்பில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தேன். அவள் சிணுங்கினால் நான் கத்திரியைக் கீழே வைப்பதற்குள் உங்கள் கால் கட்டைவிரல் சேலை நுனியைப் பிடித்து இழுத்திருக்கும். கை அது பாட்டுக்கு வேலை பார்க்கும், கால் தொட்டிலாட்டும், வாய் எங்களுக்குக் கதை சொல்லும். நடை பழகிய என் மகள் முதலில் நடந்து வந்தது என்னிடம் அல்ல, உங்களிடம். பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு.

பஞ்சுத் தூசி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, வேலையை விட்டீர்கள். அந்த வாரமே ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து உங்களிடம் விட்டாள். அடுத்த மாதம் மூன்று. ஒரு வருடத்தில் பதினேழு. லைன் வீட்டில் இரண்டே அறை, சந்தின் கடைசியில் பொதுக் கக்கூஸ். ஏழே முக்காலுக்குக் கதவைத் திறந்துவிடுவீர்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து பெண்கள் வர ராத்திரி எட்டரை ஆகும். கடைசித் தாய் வந்து கடைசிப் பிள்ளையைத் தூக்கும்வரை உங்கள் கதவு திறந்திருக்கும். ஷிப்மென்ட் என்று ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தால் அன்றும் திறந்திருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் வழியில் உங்களுக்கும் ஒரு தொகை தந்துவிட்டுப் போவார்கள். தர முடியாத வாரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டபடி வருபவளிடம், நீங்கள் அன்று அவள் பிள்ளை என்ன தின்றது, எத்தனை முறை வெளிக்குப் போனது என்பதை மட்டும் சொல்லி அனுப்புவீர்கள்.

எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எது முதுகில் தட்டினால்தான் தூங்கும், எந்தத் தகப்பன் குடித்துவிட்டு வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். சட்டைகள் ஒன்றோடொன்று கலந்துபோகாமல் இருக்க, கம்பெனியில் மிஞ்சிய லேபிள்களைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிற லேபிள் தைத்து வைத்திருந்தீர்கள். வெளிநாட்டுக் கடையின் பெயரோடு நம் பிள்ளைகள் சந்தில் தவழ்ந்துகொண்டிருக்கும். நான் அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, எனக்கு எது தேவைப்பட்டதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஆர்டர் பெருகியது. சொந்த இடம், இரண்டு மாடி, கீழே அறுபது மெஷின். கம்பெனிக்காரர் வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என்னைவிட வசதியான, என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்த பெண்கள். எனக்கு அங்கே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. "இந்த வருஷம் பெருசா ஒண்ணு பண்ணோணும்" என்று தலைவி சொன்ன கூட்டத்தில் நான் எழுந்து உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே ரூமுல பதினேழு கொழந்தைங்களுங்க. காத்தில்ல, வெளிச்சமில்ல. பாத்தா மனசு தாங்காதுங்க." சொல்லும்போது என் குரல் உடைந்தது. கூட்டம் அமைதியானது. முதன்முறையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பதில் பாதியைச் சொல்லாமல் விட்டுத்தான் அந்த அமைதியை வாங்கினேன்.

ஒரு மழைநாளில் ஐந்து பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் வீட்டைச் சுத்தம் செய்து வைத்துவிடுவீர்கள் என்று ஒருவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கொடியெல்லாம் காயாத துணி. ஒரு பெண் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நீங்கள் அத்தனை பேருக்கும் டீ போட்டீர்கள். டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தீர்கள். போட்டோ எடுத்தோம். உங்கள் பக்கத்து வீட்டு முத்துவுக்கு அப்போது ஒரு வயது, மூக்கு ஒழுகிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் முந்தானையோடு குனிந்தீர்கள்.

"தொடைக்காதீங்கக்கா. அப்படியே இருக்கட்டும்."

சொன்னது நான். நீங்கள் குனிந்தபடியே என்னை ஒரு நொடி பார்த்தீர்கள். அப்புறம் போட்டோவுக்காக நகர்ந்து நின்றீர்கள். அந்தப் படம் எங்களிடம் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் நெகிழ்ந்துபோய் உதவ முன்வந்தார்கள். மெயின் ரோட்டில் பிள்ளைகள் காப்பகத்துக்கென்று ஒரு கூடம் எழும்பியது. சுவரில் யானையும் முயலும் வரைந்தோம், சிவப்பும் மஞ்சளுமாகச் சின்ன நாற்காலிகள் போட்டோம். பாலும் முட்டையும், யூனிபாரம், பயிற்சி பெற்ற டீச்சர் இருவர். எல்லாம் இலவசம்.

திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு நீங்கள் கம்பெனிக்கு வந்தீர்கள். மாடிப்படி ஏறியதில் மூச்சு இரைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கேட்டீர்கள்.

"தங்கச்சி, எத்தன மணிக்குப் பூட்டுவிய?"

"நாலரைக்குங்கக்கா."

"நம்ம பொம்பளைக எட்டரைக்குத்தான வாராளுவ. நாலரையிலேருந்து எட்டர வரைக்கும் பிள்ளைகள யாரு பாப்பா?"

"அப்பா, பாட்டி, யாராச்சு இருப்பாங்கல்லங்க."

"பாட்டி ஊர்ல கெடக்கா. அப்பன் டையிங் பட்டறையில நிக்கான். பெறவு காலையில எட்டரைக்கு மெஷின் போடுதிய, ஒம்பது மணிக்குக் கதவத் தொறக்கிய. அந்த அர மணி நேரம்?"

நான் யோசிக்காத கேள்வி அது. யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நீங்கள் விடாமல், இன்னும் மெதுவாகச் சொன்னீர்கள்: "நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. எனக்குப் பக்கத்து ரூம எடுத்துக் குடுங்க. ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க. தொணைக்கு ஒருத்தியப் போடுங்க. இல்லன்னா உங்க கூடத்தயே ராத்திரி வரைக்கும் தொறந்து வைங்க, நான் அங்க வந்து இருக்கேன். எப்பிடியும் செய்யலாம். நாலரைக்கு மட்டும் பூட்டாதிய."

அந்த நிமிடம் நான் நினைத்ததை இங்கே எழுதக் கை கூசுகிறது. பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறார், அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை. "உங்க பொழப்புக்கு ஒண்ணும் ஆகாதுங்கக்கா, உங்களுக்கு அங்கயே ஆயா வேல போட்டுத் தரச் சொல்றேன்" என்றேன், பெரிய மனது பண்ணுகிறவள் மாதிரி. நீங்கள் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தீர்கள். "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள். படி இறங்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது. பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினீர்கள்.

அந்த ஆயா வேலையும் கிடைக்கவில்லை. வயது கூடுதல், பத்தாவது சான்றிதழ் இல்லை, இளைப்பு வேறு இருக்கிறது என்று கமிட்டியில் சொன்னார்கள். என் மகளை வளர்த்தது அந்தக் கைதான் என்று நான் சொல்லியிருக்கலாம். மைசூர்பாகுத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

திறப்பு விழாவில் நீங்கள் கடைசி வரிசைக்கும் பின்னால், முத்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். மேடையில் வரவேற்புரை வாசித்தார்கள். "இருட்டறையில் அடைபட்டுக் கிடந்த பிஞ்சுகளுக்கு இன்று விடுதலை." எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் நான், அக்கா. இரண்டு நாள் யோசித்து எழுதினேன். கைதட்டல் அடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் தட்டிக்கொண்டிருந்தீர்கள். முத்துவின் கையைப் பிடித்து, அவன் கையையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டே வாரத்தில் உங்கள் வீடு காலியானது. தாய்மார்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால், முட்டை, யூனிபாரம், ஏ பி சி டி எல்லாம் சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஆண்கள் கேட்டிருப்பார்கள். சாயங்காலத்துக்கு மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் முயற்சி செய்தீர்கள். அரை நாளுக்குக் கிடைப்பது வீட்டு வாடகைக்கே போதவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, எந்தத் தூசிக்குப் பயந்து வேலையை விட்டீர்களோ அதே தூசிக்குத் திரும்பிப் போனீர்கள், வேறொரு கம்பெனியில் பிசிறு வெட்ட. எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் நாலரை மணி சுமாருக்குக் காரில் காப்பகத்தைத் தாண்டிப் போனேன். கேட்டுக்கு வெளியே பத்து பதினோரு வயதுப் பெண் பிள்ளைகள், ஆளுக்கொரு தம்பி தங்கையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்து போனார்கள். பார்க்க அழகாக இருந்தது. காரை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். சங்கத்தின் ஆண்டு மலரில் அட்டைக்கு அடுத்த பக்கத்தில் அது வந்தது. முன்னால் நின்ற பெண் செல்வி, முத்துவின் அக்கா.

அந்த மலரை எடுத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். யாரோ கொடுத்திருக்கிறார்கள். படத்தின் மேல் விரலை வைத்தீர்கள்.

"இவ ஆறாங்கிளாஸ். நாலு மாசமா கடசி பீரியடுக்குப் பள்ளிக்கூடத்துல இருக்கதில்ல. அம்புட்டுத் தூரம் நடந்து வந்து நாலரைக்குத் தம்பியத் தூக்கணும்லா? வாத்தியாரு ரெண்டு தடவ அடிச்சாரு. இப்ப போறதயே நிப்பாட்டிட்டா." விரல் நகர்ந்தது. "இவளும் போகல. இந்தப் பிள்ள போவுது, ஆனா எத்தன நாளைக்கோ. எங்கிட்ட இருக்கும்போது இதுக யாரும் வரமாட்டாளுவ தங்கச்சி. ஆத்தாமாருதான் வருவாளுவ."

நான் கமிட்டியில் பேசினேன். பேசினேன் என்று சொல்வதே அதிகம். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். டீச்சர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்றார்கள். "எல்லாத்தையும் நாமளேவா பாக்க முடியுமுங்க? பெத்தவங்களுக்கும் கொஞ்சம் பொறுப்பு வேணுமில்லீங்க?" என்று தலைவி கேட்டார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அந்தப் பெண்களை எட்டரை வரைக்கும் மெஷினில் உட்கார வைப்பவர்கள் நாங்கள்தான் என்பது அந்த அறையில் இருந்த ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்.

அப்புறம் வெளிநாட்டில் வியாபாரம் படுத்தது. ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. உதவி செய்தவர்கள் இனி பணம் அனுப்ப முடியாது என்று மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள். நாற்காலிகள் எங்கள் குடோனுக்கு வந்து சேர்ந்தன. ஒரு திங்கட்கிழமை காலை பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள், யானையும் முயலும் வரைந்த சுவருக்குப் பக்கத்தில், பூட்டிய கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஓடினார்களாம். நீங்கள் அப்போது வேலைக்குப் போயிருந்தீர்கள்.

முத்துவுக்கு மூன்று வயது. வேலை கிடைக்கிற நாளில் போகாவிட்டால் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள். அவன் அம்மா செல்வியையும் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு அழைத்துக்கொண்டு, அவனுக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டு, வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அடுப்பின் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய் இருந்தது. தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டான். அன்று உங்களுக்கு இளைப்பு அதிகமாகி வேலைக்குப் போகாமல் படுத்திருந்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டு, "இது முத்து இருமல், ஆனா சரியில்ல" என்று எழுந்து ஓடினீர்களாம். அண்ணன் கல்லால் பூட்டை உடைத்தார். நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு, இழுக்கிற மூச்சோடு மெயின் ரோடு வரைக்கும் ஓடினீர்கள்.

செய்தி கேட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வெறும் கையோடு போகக் கூடாது என்று வழியில் வண்டியை நிறுத்தி ஆப்பிள் வாங்கினேன், நல்லதாகப் பார்த்து ஒரு பை நிறைய. வராந்தாத் தரையில் நீங்களும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தீர்கள். பையை நீட்டினேன். நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னீர்கள்.

"அவனுக்கு எறங்காது தங்கச்சி. தொண்டையெல்லாம் புண்ணாக் கெடக்கு."

முத்து பிழைத்தான். பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். இன்றைக்கும் பனி நாட்களில் அவனுக்கு இருமல் நிற்காது.

அவன் வீடு திரும்பிய வாரம், தனியாக, பஸ்ஸில், உங்கள் வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். நீங்கள் பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னீர்கள்.

"பாக்கேன். ஆனா முந்தி மாரி ஒத்தையில முடியாது. முத்து அம்மாவத் தொணைக்கு விடுங்க, அவ சம்பளத்த நீங்க குடுங்க. பெறவு யாரயும் கூட்டிட்டு வந்து காட்டாதிய. பிள்ளைகளுக்கு வெக்கமா இருக்கு."

"சரிங்கக்கா. வேற என்னங்க வேணும்?"

நீங்கள் தயங்கினீர்கள். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்பவர் போல இருந்தது முகம். "உங்க கம்பெனி பொம்பளைகள மட்டுமாவது ஆறு மணிக்கு விடுங்க. பிள்ள முழிச்சிருக்கும்போது ஆத்தா மொகத்தப் பாக்கட்டும்."

முதல் இரண்டையும் செய்தேன். மூன்றாவதையும் செய்தேன், ஆர்டர் இல்லாத ஐந்தாறு மாதம். வேலை இல்லாதபோது ஆறு மணிக்கு விடுவதில் என்ன கஷ்டம்? ஆர்டர் திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர், "ஏம்மிணி, ஷிப்மென்ட வெச்சுட்டு ஆறு மணிக்கு உட்டா எப்புடி? நம்ம ஒருத்தரா நிறுத்த முடியுமா?" என்றார். நான் உங்களிடம் வந்து, "ஷிப்மென்ட்டுங்கக்கா, இந்த மாசம் மட்டும்" என்றேன். நீங்கள் தலையசைத்தீர்கள். அந்த மாதம் முடியவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டரை வருடம் உங்கள் கதவு ஏழே முக்காலுக்குத் திறந்தது, கடைசித் தாய் வரும்வரை திறந்திருந்தது. எனக்குச் சொல்லாமலே ஒரு நாள் போய்விட்டீர்கள். பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டு, இளைப்பு என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி, இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்ற என்னிடம் அண்ணன் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாமல் இருந்தது. அன்றைக்கும் அவரே தேய்த்திருக்க வேண்டும்.

"அவ உங்களப் பத்தி ஒரு குத்தம் சொன்னதில்லம்மா" என்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கத் தெரியாத மனிதர், மேலும் சொன்னார்: "ஒரே ஒரு வாட்டி மட்டும் வருத்தப்பட்டா. 'நான் பிள்ளைகளுக்காகப் பேசுனத தங்கச்சி எம் பொழப்புக்குப் பேசுததா நெனச்சிட்டா'ன்னு. அன்னைக்கு ராத்திரி சாப்புடல."

அக்கா, உங்களுக்கு அது புரிந்துவிட்டது என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் மனதுக்குள் மட்டும் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயா வேலை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் அப்படி நினைத்திருக்கிறேன் பாருங்கள்.

அந்த வருடமே சங்கத்தை விட்டு விலகினேன். கொடுப்பதை விடவில்லை, ஆனால் கொடுக்கப் பயம் வந்துவிட்டது. அது நல்ல பயம் என்றுதான் நினைக்கிறேன். யாராவது வந்து இன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை, நாம் போய்ச் செய்ய வேண்டும் என்று சொன்னால், அங்கே இப்போது அதைச் செய்துகொண்டிருப்பது யார் என்று கேட்கிறேன். ஒருவரும் இல்லை என்றால் நம்புவதில்லை. போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் யாராவது ஒருத்தி இருக்கிறாள், இரண்டு அறையில், மூச்சிரைக்க. அவளிடம் கேட்கிறேன். அவள் சொல்வது என் காதுக்குச் சுயநலம் போல ஒலித்தால், அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காமல் திரும்பி வந்துவிடுகிறேன். என் காதை நான் நம்புவதில்லை.

செல்வி இப்போது எங்கள் கம்பெனியில்தான் டெய்லர். நல்ல கை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவேயில்லை. அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன். இரண்டு வருடம் முன்பு அவளை மாடிக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, அந்தப் போட்டோவைப் பற்றியும் நாலரை மணியைப் பற்றியும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் கேட்காததை அவளிடம் கேட்டேன். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. "அதெல்லாம் எப்பவோ நடந்ததுங்கக்கா" என்றாள். உன் மகன் படிப்பு முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போதே மார்பில் பழைய பெருமை ஒன்று விரிவது எனக்கே தெரிந்தது.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே, "அவன் படிப்ப நாங்க பாத்துக்கிடுதோம்க்கா. எங்க எல்லாத்தையும் ஆறு மணிக்கு விட்டுட்டா போதும்" என்றாள். உங்கள் பேச்சும் எங்கள் பேச்சும் கலந்த பேச்சு அவளுடையது. நீங்கள் என்னிடம் இதையேதான் கேட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரரோடு மூன்று வாரம் சண்டை. இரண்டு ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. சம்பளத்தில் கை வைக்காமல் ஆறு மணி என்று முடிவானது. முதல் நாள் பெல் அடித்தபோது பெண்கள் எழுந்திருக்கவில்லை, கரண்ட் போய்விட்டதா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். போகலாம் என்று நானே கீழே வந்து சொல்ல வேண்டியிருந்தது. நம்பாமல் பைகளை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வெளியே இன்னும் வெளிச்சமாக இருந்தது. வாசலில் ஒருத்தி நின்று, "நல்லா இருப்பீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அந்த வாழ்த்தை வாங்க எனக்குக் கை நீள்வதில்லை. இத்தனை வருடமும் ஆறு மணியைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டுதான், ஊருக்கெல்லாம் நாற்காலி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி